மண்குதிரைக்கும் டாங்கிக்கும் கட்டாத வரி

இந்த நாட்டில் மிரட்டல் கடிதம்கூட ‘நட்பான வாழ்த்துகளுடன்’ என்றுதான் முடியும். போன செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியைத் திறந்தால் வரி அலுவலகத்தின் சாம்பல் நிற உறை கிடந்தது. மதிப்புக்குரிய திரு. செந்தில் அவர்களே, நீங்கள் கட்டவேண்டிய தொகையில் ஒரு பகுதி இன்னும் வந்து சேரவில்லை, இரண்டு வாரத்துக்குள் வராவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்வோம், நட்பான வாழ்த்துகளுடன். கையெழுத்து கிடையாது. இயந்திரம் தயாரித்த கடிதம் என்பதால் கையெழுத்து தேவையில்லை என்று அடியில் ஒரு குறிப்பு. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் வசூலுக்கு வருகிறவன் வாசலில் நின்று முதலில் தொண்டையைச் செருமுவான், அடுத்து செத்துப்போன அப்பன் பேரை இழுப்பான், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். இங்கே தொண்டையும் இல்லை, அப்பன் பேரும் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். இந்த மரியாதைக்கு இன்னும் பழகவில்லை.

அந்த ‘ஒரு பகுதி’ என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் கட்டும் வரியில் ராணுவத்துக்குப் போகிற பங்கு. அதை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டேன். டாங்கிக்கும் குண்டுக்கும் என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ஒரு கடிதமும் இணைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போது என்னைப் பெரிய மனிதனாக நினைத்திருப்பீர்கள், மீதிப் பேர் ‘இவனுக்கு வேறு வேலை இல்லை’ என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டாவது கட்சிக்காரர்கள்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

சமாதானத்தில் நான் சேர்ந்தது கேக்குக்காக. வந்த முதல் குளிர்காலத்தில் பேச ஆள் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஒவ்வொரு வியாழனும் மாலை ஐந்து மணி, அமைதி வட்டம், காப்பியும் ஆப்பிள் கேக்கும் உண்டு, எல்லோரும் வரலாம். ‘எல்லோரும்’ என்ற சொல்லை இந்த ஊரில் அன்றுதான் எழுத்தில் பார்த்தேன். போனேன். மாதாகோயிலின் பின்னறையில் ஏழெட்டு வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹெல்கா. எழுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. நாற்பது வருடமாக ராணுவ வரியை மறுத்துக்கொண்டிருப்பவர். அகிம்சை பிறந்த நாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறான் என்று அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டுக்காகத் துண்டு போட்டுச் சண்டை பிடித்து வளர்ந்தவன் நான். அதைச் சொல்ல அப்போது எனக்கு ஜெர்மன் போதாது.

வரி மறுப்பில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. நான் சம்பளக்காரன். என் வரியைக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும், கைக்கு வராததை எப்படி மறுப்பது? வட்டத்தில் இதற்காக மூன்று வியாழக்கிழமைகள் பேசினோம். கடைசியில் ஹெல்கா வழி சொன்னார்: தனியாக ஏதாவது சின்னத் தொழில் செய், அந்த வருமானத்துக்கு நீயே வரி கட்டவேண்டி வரும், அதை மறுக்கலாம். அப்படியாக மாலை நேரப் பள்ளியில் ஜெர்மன்காரர்களுக்குச் சாம்பார் வைக்கச் சொல்லித்தரும் வாத்தியார் ஆனேன். மறுப்பதற்கென்றே ஒரு வரியைச் சம்பாதித்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நாட்டின் பட்ஜெட் புத்தகத்தை இறக்கி, பக்கம் பக்கமாகப் படித்து, என் சாம்பாரில் ராணுவத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு நிறுத்தினேன். ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசு.

முதல் நோட்டீஸ் வந்தபோது நேரில் விளக்கிவிடலாம் என்று வரி அலுவலகத்துக்கே போனேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்து, என் எண் வந்ததும் உள்ளே போனால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “உங்களுக்குப் பணக் கஷ்டமா? தவணைக்கு விண்ணப்பிக்கலாம்” என்றார். கஷ்டம் இல்லை, மனசாட்சி என்றேன். எனக்கு மொழி வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. சொல்லைப் பிரித்துப் பிரித்து மெதுவாக, “த-வ-ணை” என்று மறுபடி சொன்னார். மனசாட்சி, மனசாட்சி என்று நானும் மெதுவாகச் சொன்னேன். அவர் கணினியில் கொஞ்ச நேரம் தேடினார். “படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை” என்றார் உண்மையான வருத்தத்தோடு. பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “அதற்கு ஏதாவது சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாவது வாரம் என் கணக்கிலிருந்து காசை எடுத்துக்கொண்டார்கள், தாமதக் கட்டணத்தோடு. அந்த வியாழன் வட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். அன்றைக்கு கேக்கில் க்ரீமும் இருந்தது.

இனி எங்கள் ஊர். பெயர் சொல்லமாட்டேன்; சொன்னால் கேஸ் நம்பரையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். கீரனூருக்கும் குடுமியான்மலைக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பொதுவாக ஒரு அய்யனார், இரண்டு கண்மாய்க்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை புரவி எடுப்பு. சுட்ட மண்ணில் செய்த குதிரைகளை இரண்டு ஊர்க்காரர்களும் தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் வாசலில் இறக்கவேண்டும். யார் குதிரை முதலில் உள்ளே போவது என்பதுதான் தகராறு. என் அப்பா காலத்தில் வாய்ச்சண்டையாக இருந்தது. பிறகு கைகலப்பு, பிறகு கேஸ், பிறகு கம்பு. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக்கூடாது என்பார்கள். நாங்கள் மண்குதிரையை நம்பி கோர்ட்டிலேயே இறங்கிவிட்டோம்.

இந்தத் திருவிழாவுக்குத்தான் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் ஊர் நோட்டில் அவனுக்கு ஒரு வரி உண்டு. கட்டினால் ஊர்க்காரன். கட்டாவிட்டால் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் சமுதாயக்கூடத்துச் சுவரில் இருக்கிற கரும்பலகையில் பெயரைச் சாக்பீஸால் எழுதுவார்கள். எழுதிவிட்டால் ஒதுக்கிவைத்ததாக அர்த்தம் இல்லை. ஒதுக்குவது சட்டப்படி குற்றம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், படித்த ஊர். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் வேலை வந்துவிடும், அவ்வளவுதான். என் அப்பா ஆடு விற்று வரி கட்டியவர், அவர் பெயர் ஒருநாளும் அந்தப் பலகையில் ஏறியதில்லை. நான் அவருக்கு ஒரு படி மேல். ஜெர்மனியில் இருக்கும்போது வாட்ஸப்பில் வரி அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன், கேட்டதற்கு மூன்று மடங்காக. பதிலுக்குத் திருவிழா ஃப்ளெக்ஸில் கோட்டும் டையுமாக என் படம் போடுவார்கள். குதிரைக்கும் எனக்கும் ஒரே அளவு. அதை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வட்டத்துக்குப் போய் அமைதியைப் பற்றிப் பேசுவேன்.

போன புரவி எடுப்பு முடிந்த மறுநாள் அக்கா மல்லிகா போன் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்த அடுத்த ஊரில்தான். கல்யாணம் நடந்தபோது இரண்டு ஊரும் வாய்ச்சண்டைக் கட்டத்தில் இருந்ததால் பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடிந்தது. கண்மாய்க் கரையில் அடிதடி, மச்சானுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றாள். மச்சான் சின்னையா மினிபஸ் ஓட்டுகிறவர், ஒரு எறும்புக்கும் ஹாரன் அடித்து வழிவிடுகிற மனுஷன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அன்றே பணம் அனுப்பினேன். அந்த வியாழன் வட்டத்தில் வன்முறையின் வேர்கள் என்று இருபது நிமிடம் பேசினேன். ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தை மாதத்தில் அக்கா மகள் தாரணிக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மாமன் சீர் வந்து, மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறைக்குப் போகமுடியும். பள்ளி லீவு இல்லாததால் மனைவியும் பிள்ளைகளும் ஜெர்மனியிலேயே இருந்துவிட, நான் மட்டும் கிளம்பினேன். திருச்சியில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். மச்சான் வாசலில் நின்று இடது கையால் என் பெட்டியை வாங்கினார். வலது கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. மினிபஸ்ஸில் இப்போது கண்டக்டராகத்தான் போகிறாராம், அதுவும் டிக்கெட் கிழிக்க இன்னும் சிரமப்படுகிறாராம். ரொம்ப வலித்ததா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

“நல்ல மூங்கி மாப்ள. உள்ளூர்ச் சரக்கு இல்ல, திருச்சியில எறக்குனது” என்று சிரித்தார் மச்சான். “வெளிநாட்டுக் காசாச்சே, சும்மாவா.”

எனக்குப் புரியவில்லை. அக்கா காப்பியை டக்கென்று வைத்துவிட்டு, செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்துச் சுவரில் ஒட்டிய திருவிழா வரவு செலவு. வரவில் முதல் பெயர் என்னுடையது, எல்லோரையும் விடப் பெரிய தொகை. செலவில் மேளம், பந்தல், அன்னதானம், வாணவேடிக்கை. அடுத்த வரி: பாதுகாப்பு. வாணவேடிக்கையை விட அதிகம். அதில் என்னென்ன அடக்கம் என்று அக்கா சொன்னாள். மூங்கில் கம்பு, வெளியூரிலிருந்து இறக்கிய ஆட்களுக்குக் கூலி, அவர்களுக்குப் பிரியாணி. ஜெர்மனியின் பட்ஜெட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். எங்கள் ஊர் நோட்டில் ஒரு பக்கத்தை ஒரு வருடமும் கேட்டதில்லை. டாங்கிக்குக் காசு கொடுக்க மறுத்த அதே மாதத்தில், அதே போனில், என் மச்சான் கையை உடைக்கக் காசு அனுப்பியிருக்கிறேன். அனுப்பினது போதாதென்று மூன்று மடங்கு. வெட்கத்தில் காப்பியைக் கையில் எடுக்க முடியவில்லை.

“தெரிஞ்சா செஞ்ச, தெரியாமத்தான் செஞ்ச. அத நான் கேக்கல” என்றாள் அக்கா. “இப்ப மறுபடி வரி போட்ருக்காக ஒங்க ஊர்ல. கேஸுக்கும் அடுத்த புரவிக்கும். அதக் கட்டிட்டு இங்கிட்டு வந்தீன்னா, எம்மக கழுத்துல நீ மாலை போட வேணாம். சீரும் வேணாம். மாமன் இல்லாத பொண்ணுன்னு சொல்லிட்டுப் போறேன்.”

அவள் குரல் ஏறவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் வரி வசூல் பார்ப்பவர் பழனிச் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, பங்காளி முறை. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நோட்டுப் போடுவதில் கெட்டிக்காரர், என் அப்பா செத்தபோது தோள் கொடுத்தவர். மறுநாள் மந்தையில் கூட்டம். நான் ஜெர்மன் முறைப்படி தயாராகப் போனேன்: மேளத்துக்கும் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் என் பங்கைக் கட்டிவிடுகிறேன், பாதுகாப்புக்கும் கேஸுக்கும் உரியதை மட்டும் மனசாட்சியின் அடிப்படையில் நிறுத்திவைக்கிறேன் என்று நல்ல தமிழில் ஒரு கடிதம். சித்தப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கி இரண்டு முறை படித்தார். கூட்டத்தில் ஒருவர், “என்னப்பா, டைவர்ஸ் நோட்டீஸா?” என்று கேட்டார்.

“பிச்சுப் பிச்சுக் கட்டுறதெல்லாம் கெடையாது தம்பி” என்றார் சித்தப்பா. “இப்ப நீ கொட்டு மட்டும் வேணும்ப, இன்னொருத்தன் வேட்டு மட்டும் வேணும்பான். அப்பறம் ஊருன்னு எதுக்கு இருக்கு?”

நான் ஜெர்மனியில் இப்படித்தான் செய்கிறேன் என்றேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளிநாட்டுச் சமாச்சாரம் என்றால் எங்கள் ஊருக்குக் காது நீளும். வரி அலுவலகம், கடிதம், மனசாட்சி, வட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கைச் சொல்லவில்லை.

“சரி, கடைசியில என்ன ஆச்சு?” என்றார் சித்தப்பா.

“பேங்க்ல இருந்து அவங்களே எடுத்துக்கிட்டாங்க.”

“மொத்தத்தையுமா?”

“லேட் ஃபீஸோட.”

சித்தப்பா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “அப்பக் கட்டுனதுதானே தம்பி” என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் வட்டத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவர் கேலி செய்யவும் இல்லை, சங்கத்துக் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டார். எங்களுக்கு அந்த மாதிரி எடுத்துக்கொள்ள வழியில்லை, கட்டவில்லை என்றால் பெயரை எழுதுவோம், எழுதிவிட்டால் உன் அக்கா வீட்டுக்குச் சீர்த்தட்டு தூக்க இந்த ஊரிலிருந்து ஒரு தலை வராது, யோசித்துக்கொள் என்றார். சீர் என்பது தட்டில் இருக்கிற பொருள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டுச் சனம் கொட்டு மேளத்தோடு தலையில் தட்டு வைத்துக்கொண்டு தெருவில் வரவேண்டும். பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவேண்டும். கட்டினால் அக்கா சீரை வாங்கமாட்டாள். கட்டாவிட்டால் சீர் தூக்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அடி தாரணிக்குத்தான்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா என்னை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கை போட்டார். “பேசாமக் கட்டிரு. மல்லிகாட்ட மூச்சு விடாத. நோட்டுல ‘அன்னதானம், ஜெர்மனி செந்தில்’னு எழுதிக்கிறேன். ஒங்கப்பன் மகன் பேரு அந்தப் பலகையில ஏறுனா எனக்குத் தாங்காதுடா” என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பு வாங்குகிற காசைச் சோற்றுக் கணக்கில் எழுதுகிற வித்தையைப் பெரிய பெரிய அரசாங்கங்கள் சித்தப்பாவிடம் வந்து கற்றுக்கொள்ளவேண்டும். நான் போனை எடுத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தேன். சித்தப்பா நம்பரைப் போட்டேன், தொகையைப் போட்டேன். அப்பா ஞாபகம், ஆடு ஞாபகம், தெருவில் தட்டு வரிசை எல்லாம் சேர்ந்து கை ஓடிக்கொண்டே இருந்தது. தொகைக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது: ‘குறிப்பு’. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஜெர்மன் படிவத்தில் இல்லாத கட்டம். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். மச்சானின் மடங்காத கைதான் ஞாபகத்துக்கு வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

“கட்டல சித்தப்பா” என்றேன்.

சாயங்காலம் சித்தப்பா தன் கையாலேயே பலகையில் எழுதினார். மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினார் என்றார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் ஜெர்மனி என்று போட மறக்கவில்லை. போய்ப் பார்த்தேன். அழகான கையெழுத்து. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், ஏன் என்று அப்போது தெரியாது.

கல்யாணத்தன்று காலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. ஒருவருக்குக் கீரனூரில் பல்வலி, ஒருவருக்கு அரிமளத்தில் துக்கம், இன்னொருவர் என்னைப் பார்த்ததும் வயலில் பம்ப் மோட்டாரை ஓடவிட்டு வரப்பில் ஏறிப் போய்விட்டார். இருபத்தொரு தட்டு. கீரனூரிலிருந்து ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, பழம், வெற்றிலை, பட்டு, மாலை எல்லாவற்றையும் டிரைவரும் நானுமாக அடுக்கினோம். மேளம் கிடையாது. டிரைவர் நல்ல பையன். “சார், வேணும்னா பாட்டுப் போடவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அக்கா ஊரின் எல்லையில், கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து பேர் ரோட்டில் நின்றார்கள். வண்டியை நிறுத்தினார்கள்.

“எந்த ஊரு?”

சொன்னேன்.

“அந்த ஊர்க்காரன் யாரும் உள்ள வரக்கூடாதுன்னு முந்தாநேத்துத் தீர்மானம் போட்ருக்கு. தெரியாதா?”

பெண்ணுக்குத் தாய்மாமன் என்றேன். “தாய்மாமனா இருந்தாலும் ஊரு ஊருதானே” என்றார் ஒருவர். விசா, விரல் ரேகை, மொழித் தேர்வு எல்லாம் தாண்டி ஒரு நாட்டுக்குள் நுழைந்தவன் நான். அக்கா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. போனை எடுத்துக் காட்டினேன். “நான் அந்த ஊருக்கு வரி கட்டலைங்க. பேர எழுதிட்டாங்க. இந்தா பாருங்க.” போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. பெரிதாக்கிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பலகைதானா என்று ஓரத்தில் தெரிந்த கொடிக்கம்பத்தை வைத்து உறுதி செய்தார்கள். எந்தத் தூதரகமும் என் தாள்களை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. அதற்குள் மச்சான் வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடிவந்துவிட்டார். வண்டியிலிருந்து ஒரு வாழைப்பழத் தட்டை இடது கையால் எடுத்துத் தலையில் வைத்து, மடங்காத வலது கையை ஒரு மாதிரி மேலே தூக்கி அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மாமன் சீரைப் பெண்ணின் அப்பனே தூக்கிக்கொண்டு போகிறானே என்று நின்றவர்களுக்கே பொறுக்கவில்லை. “கொண்டாங்கய்யா இங்க” என்று ஆளுக்கொரு தட்டாக எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் என் சீர் அந்தத் தெருவுக்குள் போயிற்று, எதிரி ஊரான் தலையில். தாரணி கழுத்தில் மாலை போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தேன். அந்த ஊர் வரி நோட்டு வைத்திருக்கிற மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, அவங்கதான் வேணாம்னுட்டாங்கல்ல, நீங்க நம்ம ஊருக்கு ஒரு தலைக்கட்டா சேந்துக்கங்களேன். ஃப்ளெக்ஸ்ல படம் போட்டுருவோம்” என்றார்.

“அதுல பாதுகாப்புச் செலவு இருக்குங்களா?”

“இல்லாம? ஒங்க ஊரு சும்மாவா இருக்கும்?”

மன்னிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். குழாயடியில் அக்கா நின்றாள். கேட்கக்கூடாத நேரம்தான், ஆனாலும் கேட்டுவிட்டேன். “நீங்க கட்டுறீங்களாக்கா, இந்த ஊருக்கு?”

அவள் குழாயை மூடினாள். “கட்டாம? நான் இங்கல்ல குடியிருக்கேன்” என்றாள். கொஞ்சம் நின்று, “நீ ஏரோப்ளேன் ஏறிருவ தம்பி” என்றாள். அதில் கோபம் இல்லை. பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

திரும்பி வந்து வட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஹெல்கா இரண்டு ஊர்த் தலைவர்களுக்கும் ஆதரவுக் கடிதம் எழுத முகவரி கேட்டார். அவர்கள் பதில் போடுவார்கள், ஆனால் அது நட்பான வாழ்த்துகளோடு இருக்காது என்றேன். சித்தப்பா சொன்ன ‘அப்பக் கட்டுனதுதானே’யை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹெல்கா, “நாற்பது வருடமாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். அன்றைக்குக் கேக்கை யாரும் தொடவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. சாம்பார் வகுப்பு நடக்கிறது, அதன் வரியில் அந்தப் பங்கை நிறுத்தியிருக்கிறேன், அதற்குத்தான் செவ்வாய்க்கிழமைக் கடிதம். எடுத்துக்கொள்ளட்டும். என் கையால் கொடுக்கமாட்டேன்.

ஊரிலிருந்தும் சேதி வந்தது. மழைச் சாரலில் பலகையில் என் பெயர் இரண்டு முறை அழிந்துவிட்டதாம். சித்தப்பா மூன்றாவது முறை பெயிண்டில் எழுதிவிட்டாராம். ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்க எனக்குப் பல வருடம் ஆனது. எங்கள் ஊரில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டில் கிடைத்துவிட்டது. சாம்பல் உறைக் கடிதத்தையும் பலகைப் படத்தையும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். எந்த ஊர்க்காரன் நான் என்று யாராவது கேட்டால் கதவைக் காட்டலாம், இரண்டு இடத்திலும் பாக்கிக்காரன்.

நேற்று அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. சேதி ஒன்றும் இல்லை, படம் மட்டும். எங்கள் ஊர்ப் பலகை என்று நினைத்துத்தான் திறந்தேன். பக்கத்தில் கொடிக்கம்பம் இல்லை. அது அவள் ஊர்ப் பலகை. புதிதாக எழுதிய ஒரே ஒரு பெயர், சின்னையா, என் மச்சான். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, “வேலையா இருக்கேன் தம்பி, தண்ணி எடுக்கணும். தெருக் குழாய்க்கு எல்லாரும் வந்துட்டுப் போனதுக்கப்பறம்தான் இப்பல்லாம் போறேன்” என்றாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அந்தப் படத்தையும் அச்செடுத்துக் கதவில் ஒட்டப் போனேன். என் இரண்டு தாள்களுக்கும் நடுவில் இடம் இருந்தது. ஒட்ட மனம் வரவில்லை. நான் கட்டாமல் ஏரோப்ளேன் ஏறினேன். அவள் கட்டாமல் அங்கேயே இருக்கிறாள்.